மணலிடம் கணக்குக் கேட்டவர்

டிஜோன் நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டு வந்தவர் ஹென்றி டார்ஸி. அவர் மணலில் கண்ட விதிதான், இறுகிய பாறையில் அடைபட்டுக் கிடக்கும் எண்ணெயைத் தண்ணீர் கொண்டு தள்ளி எடுக்க இன்று வழி காட்டுகிறது.

தியாகதுருகம் வட்டாரத்தில் கிணறு வெட்டுவது லேசான காரியமல்ல. மலைக்கோட்டையைத் தாங்கி நிற்கிறதே, அந்த இனத்துக் கடும்பாறைதான் சுற்றுப்புற வயல்களுக்கு அடியிலும் கிடக்கிறது. ஒரு கிணற்றில் தண்ணீர் நிற்கும். நாலு வரப்பு தள்ளி, அதே ஆழத்தில், இன்னொரு கிணறு காய்ந்து கிடக்கும். இரண்டுக்கும் பெய்த மழை ஒன்றுதான். ஒன்றில் இறைத்த தண்ணீர் ஒரே ராத்திரியில் ஊறி விடுகிறது. மற்றொன்றில் மூன்று நாள் ஆனாலும் முழங்கால் அளவுகூட ஊறுவதில்லை.

காரணம் பாறையில் இருக்கிறது. சில பாறை தண்ணீருக்கு வழி விடும். சில பாறை விடாது. இது கிணறு வெட்டும் எவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால், எவ்வளவு வழி விடும் என்று அளந்து, அதை ஒரு கணக்காக எழுதிக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் பிரஞ்சு நாட்டு இஞ்சினீயர் ஹென்றி டார்ஸி.

அவர் காலமானது 1858-ம் ஆண்டில். அதற்கு அடுத்த ஆண்டுதான் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டிரேக் என்பவர் தோண்டிய புகழ் பெற்ற கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. பெட்ரோலியத் தொழில் வேகமாக வளரத் தொடங்கியது அதன் பிறகே. ஆகவே, டார்ஸி எண்ணெய்க்காகப் பாடுபட்டவர் அல்ல. இருந்தும், இன்று எண்ணெய் வயல்களில் அவர் பெயரைச் சொல்லாமல் கணக்குப் போட முடியாது. பாறை வழி விடும் தன்மையை அளக்கும் அலகுக்கே டார்ஸி என்றுதான் பெயர்!

தண்ணீருக்காக உழைத்த ஒருவரின் பெயர் எண்ணெய்க்காரர்களின் வாயில் ஏறியது எப்படி? அவருடைய வாழ்க்கையைத் தெரிந்து கொண்டால் அது விளங்கும்.

தாய் வாங்கிய கடன்

பிரான்சின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்ற வளமான பிரதேசம் இருக்கிறது. அதன் பழைய தலைநகரம் டிஜோன். அங்கே 1803-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி ஹென்றி டார்ஸி பிறந்தார். நெப்போலியனின் கொடி உயரப் பறந்து கொண்டிருந்த காலம் அது.

அவருக்குப் பதினான்கு வயது நடந்தபோது, 1817-ல், தந்தை இறந்து விட்டார். குடும்பம் தடுமாறியது. ஆனால் தாயார் மனம் தளரவில்லை. பிள்ளைகளின் படிப்பு நின்று விடக் கூடாது என்று கடன் வாங்கி ஆசிரியர்களை அமர்த்தினார். நம் ஊரில் எத்தனையோ தாய்மார்கள் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதே கதைதான் அங்கும்.

அந்தக் கடன் வீண் போகவில்லை. 1821-ல் பாரிஸ் நகரில் உள்ள பாலிடெக்னிக் கல்லூரியில் ஹென்றி சேர்ந்தார். பிரான்சின் அறிவாளிகள் பலரை உருவாக்கிய இடம் அது. இரண்டு ஆண்டுகளில், பாலங்களும் சாலைகளும் அமைக்கும் கலையைக் கற்பிக்கும் அரசாங்க இஞ்சினீயரிங் பள்ளியில் இடம் கிடைத்தது. 1826-ல் படிப்பை முடித்து, அரசாங்க இஞ்சினீயராக வெளியே வந்தார். சீக்கிரத்திலேயே சொந்த ஊரான டிஜோனில் உத்தியோகம் கிடைத்தது.

1828-ல் ஹென்றியெட் கேரி என்ற பெண்மணியை மணந்தார். அவர் ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சி தீவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். தம்பதிகளுக்குக் குழந்தை இல்லை.

அழுக்குத் தண்ணீர் குடித்த நகரம்

டிஜோன் அழகான ஊர். மாதா கோயில் கோபுரங்களும் மாளிகைகளும் நிறைந்த ஊர். ஆனால் அங்கே குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. ஊருக்குள் ஓடிய சுசோன் என்ற சிற்றாறு சாக்கடையாக மாறி விட்டது. வீட்டுக் கிணறுகளோ கழிவுக் குழிகளுக்குப் பக்கத்தில் இருந்தன.

அழுக்குத் தண்ணீரால் காலரா பரவும் என்ற உண்மை அந்தக் காலத்தில் மருத்துவர்களுக்கே தெரியாது. 1832-ல் பாரிஸ் நகரில் காலரா பரவிப் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். நல்ல தண்ணீர் என்பது வசதிக்கான பொருளல்ல. உயிர் காக்கும் பொருள் என்பதை அன்றைய நகரங்கள் பட்டுத்தான் தெரிந்து கொண்டன.

டிஜோன் மக்களும் சும்மா இருக்கவில்லை. ஊருக்குள்ளேயே ஆழமான துளைக் கிணறு ஒன்று தோண்டிப் பார்த்தார்கள். 1828-ல் அந்த வேலை இளைஞர் டார்ஸியின் பொறுப்பில் வந்தது. தண்ணீர் வந்தது. ஆனால் ஊருக்குப் போதவில்லை.

பூமிக்கடியில் தண்ணீர் இருப்பது ஒன்று. அது நம் கைக்கு வந்து சேர்வது வேறொன்று. இந்தப் பாடத்தை டார்ஸி அந்தக் கிணற்றிலேயே படித்திருக்க வேண்டும். தோற்ற கிணற்றை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடவில்லை அவர். யாரும் கட்டளையிடாமலே, ஊரைச் சுற்றியுள்ள ஊற்றுகளை ஆராய்ந்தார். எந்த ஊற்றில் எவ்வளவு தண்ணீர், எந்த உயரத்தில் இருக்கிறது, ஊருக்கு வர எத்தனை தூரம் என்றெல்லாம் அளந்தார். 1834-ல் தம் திட்டத்தை நகரசபையின் முன் வைத்தார்.

பம்பு இல்லை, கட்டணம் இல்லை

ரோஸ்வார் என்ற ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வருவது அந்தத் திட்டம். 12.7 கிலோ மீட்டர் நீளத்துக்கு, மேலே மூடப்பட்ட கல் கால்வாய். முழுவதும் சரிவாகவே வர வேண்டும். நிமிஷத்துக்கு 8,000 லிட்டர் தண்ணீர் வரும். நகருக்குப் பக்கத்தில் பெரிய நீர்த்தேக்கத் தொட்டிகள். அங்கிருந்து தெருக்களுக்கு அடியில் மொத்தம் 28 கிலோ மீட்டர் குழாய்கள். எங்கும் பம்பு கிடையாது, வடிகட்டியும் கிடையாது. ஊற்று உயரத்தில் இருக்கிறது, ஊர் தாழ்வில் இருக்கிறது. அந்த உயர வித்தியாசம் ஒன்றே எல்லா வேலையையும் செய்து விடும்!

1839-ல் வேலை ஆரம்பமாயிற்று. 1840-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ரோஸ்வார் ஊற்றின் தண்ணீர் டிஜோன் தொட்டியில் வந்து விழுந்தது. பிறகு தெருக்குழாய்களில் ஏழை பணக்காரன் என்ற பேதமில்லாமல் எல்லோரும் காசு கொடுக்காமல் பிடித்துக் கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய நகரங்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு பாக்கியம் கிடைக்கவில்லை.

இவ்வளவு பெரிய வேலைக்கு டார்ஸிக்குச் சட்டப்படி பெருந்தொகை சேர வேண்டியிருந்தது. அதை அவர் வாங்கிக் கொள்ளவில்லை. நகர மக்கள் தங்கப் பதக்கம் ஒன்றை அளித்தார்கள். அதை ஏற்றுக் கொண்டார். அவர் வீட்டுக்கு ஆயுள் முழுவதும் இலவசமாகத் தண்ணீர் விடுவது என்றும் நகரசபை முடிவு செய்தது. தண்ணீர் கொண்டு வந்தவருக்குத் தண்ணீரே சன்மானம்!

மலையைக் குடைந்தவர்

டார்ஸியின் திறமை தண்ணீரோடு நிற்கவில்லை. பாரிசையும் லியோன் நகரையும் இணைக்கும் ரயில் பாதை எந்த வழியாகப் போவது என்று அந்நாளில் பெரிய விவாதம் நடந்தது. அது டிஜோன் வழியாகத்தான் போக வேண்டும் என்று அவர் வாதாடினார். வழியில் மலை குறுக்கிட்டது. பிளேசி என்ற இடத்தில் 4 கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கப் பாதை அமைத்தால் மலையைத் தாண்டலாம் என்று காட்டினார். அப்படியே பாதை அமைந்தது. இன்றும் ரயில்கள் அந்த மலைக்குள் புகுந்துதான் டிஜோனுக்கு வருகின்றன.

1848-ல் பிரான்சில் புரட்சி வந்தது. மன்னராட்சி போயிற்று. புதிதாக அதிகாரத்துக்கு வந்தவர்கள் பழைய உத்தியோகஸ்தர்கள் பலரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். அந்தப் புயலில் டார்ஸியும் சிக்கினார். எந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்தாரோ, அந்த ஊரை விட்டே பூர்ஜ் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார்.

ஆனால் திறமையை எத்தனை நாள் ஒதுக்கி வைக்க முடியும்? அதே ஆண்டிலேயே பாரிசுக்கு அழைக்கப்பட்டு, தலைநகரின் தண்ணீருக்கும் சாலைகளுக்கும் தலைமை அதிகாரியாக நியமனம் பெற்றார். அங்கே பல அளவுக் குழாய்களில் தண்ணீரை ஓட விட்டு ஆராய்ந்தார். உள்புறம் வழவழப்பான புதுக்குழாய்க்கும் கறை படிந்த பழைய குழாய்க்கும் ஓட்டத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கணக்கிட்டுச் சொன்னார். குழாய் போடும் இஞ்சினீயர்கள் இன்றளவும் அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்த சோதனை

உழைப்பு உடம்பைத் தின்று விட்டது. நரம்புக் கோளாறினால் அவதிப்பட்ட டார்ஸி 1855-ல் அன்றாட உத்தியோகத்திலிருந்து விடுதலை கேட்டுப் பெற்று, டிஜோனுக்குத் திரும்பினார். வயது ஐம்பத்திரண்டு. மற்றவர்களாக இருந்தால் ஓய்வு எடுத்திருப்பார்கள். அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய வேலையோ அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

டிஜோனுக்கு நல்ல ஊற்று கிடைத்தது. வடிகட்ட வேண்டிய தேவை இல்லை. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் உண்டா? ஆற்றுத் தண்ணீரை நம்பும் ஊர்கள் மணல் தொட்டியில் விட்டுத்தான் வடிகட்ட வேண்டும். அப்படியானால் எத்தனை தண்ணீருக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? மணல் எத்தனை கனம் இருக்க வேண்டும்? இதற்குத் திட்டமான விடை யாரிடமும் இல்லை. மணலிடமே கேட்டு விடுவது என்று டார்ஸி தீர்மானித்தார்.

டிஜோன் ஆஸ்பத்திரியில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்தினார். உயரம் மூன்றரை மீட்டர்; உள் விட்டம் 35 சென்டி மீட்டர். அதற்குள் சோன் நதி மணலைப் போட்டார். மேலிருந்து தண்ணீர் விட்டால் மணலில் இறங்கிக் கீழே வடியும். மேலும் கீழும் அழுத்தத்தைக் காட்டப் பாதரசக் கருவிகள். உதவிக்கு ரிட்டர் என்ற இஞ்சினீயர். 1855 அக்டோபர் கடைசியில் சோதனை தொடங்கிற்று. 1856 பிப்ரவரியில் மறுபடி நடந்தது.

ஆஸ்பத்திரிக் குழாயிலிருந்துதான் சோதனைக்குத் தண்ணீர் வந்தது. கட்டடத்தில் யாராவது ஒரு குழாயைத் திறந்தால் போதும், பாதரசம் துள்ளும்! அது அடங்கும் வரை காத்திருந்து அளவெடுக்க வேண்டும். இப்படிப் பொறுமையாக ஒவ்வொரு அளவாகச் சேர்த்தார்கள்.

மணல் சொன்ன விடை மிக எளிதாக இருந்தது. மேலுக்கும் கீழுக்கும் அழுத்த வித்தியாசம் இரட்டித்தால் வடியும் தண்ணீரும் இரட்டிக்கும். மணலின் கனம் இரட்டித்தால் தண்ணீர் பாதியாகும். குழாயின் வாய் அகலமானால் அதற்குத் தக்கபடி தண்ணீர் கூடும். இவை எல்லா மணலுக்கும் பொது. இதற்கு மேல், ஒவ்வொரு மணலுக்கும் தனித்தனியாக ஓர் எண் உண்டு. பருமணலுக்குப் பெரிய எண், பொடிமணலுக்குச் சின்ன எண். அந்த மணலின் குணமே அந்த எண்தான்.

இதுதான் டார்ஸி விதி. டிஜோன் நகரின் தண்ணீர்த் திட்டத்தைப் பற்றி 1856-ல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தில், கடைசியில் சேர்த்த ஒரு குறிப்பில் இது வந்தது. பூமிக்கடியில் ஓடும் நீரைப் பற்றிய சாஸ்திரத்துக்கு அந்தக் குறிப்பே அஸ்திவாரம் ஆயிற்று.

அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. பாரிசுக்குச் சென்றிருந்தபோது நுரையீரல் அழற்சி கண்டு, 1858-ம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ந் தேதி காலமானார். வயது ஐம்பத்து நான்கு. உடலை டிஜோனுக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள். நகரின் முக்கியமான சதுக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் கட்டிய நீர்த்தேக்கத்தின் மேல் பின்னாளில் அமைந்த பூங்காவும் டார்ஸி பூங்கா என்றே விளங்குகிறது.

எண்ணெய் வயலுக்குப் போன விதி

எண்ணெய் பூமிக்கடியில் ஏரி போலத் தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பஞ்சில் தண்ணீர் போல, பாறையின் நுண்துளைகளுக்குள் அது அடங்கிக் கிடக்கிறது. கிணறு தோண்டியவுடன், உள்ளே இருக்கும் இயற்கை அழுத்தம் அதைத் தள்ளி விடுகிறது. நாளாக ஆக அழுத்தம் குறையும். எண்ணெய் வருவதும் குறையும். பல வயல்களில் நூற்றுக்குப் பத்து, இருபது பங்கு எடுப்பதற்குள்ளேயே அழுத்தம் தீர்ந்து விடும். மிச்சம் எண்பது பங்கு பூமிக்குள்ளேயே நின்று போகும்!

இதற்கு ஒரு வழியைத் தற்செயல்தான் காட்டியது. பென்சில்வேனியாவில் பிராட்போர்டு என்ற எண்ணெய் வயல் உண்டு. 1871-ல் எண்ணெய் கண்ட இடம். அங்குள்ள மணற்பாறை எளிதில் வழி விடாத இறுகிய பாறை. 1881-ல் உற்பத்தி உச்சத்தை எட்டியது; பிறகு சரியத் தொடங்கியது. கைவிட்ட பழைய கிணறுகளில் மேல்மட்டத் தண்ணீர் கசிந்து உள்ளே இறங்கியது. கிணறு கெட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் அதிகமாக வந்தது! இறங்கிய தண்ணீர் எண்ணெயை முன்னால் தள்ளிக் கொண்டு போயிருக்கிறது. தண்ணீர் இப்படி உதவக் கூடும் என்று கார்ல் என்ற மண்ணியல் நிபுணர் 1880-லேயே எழுதியிருந்தார்.

கிணற்றுக்குள் தண்ணீர் விடுவதை அங்கே சட்டம் தடுத்தது. 1921-ல் தடை நீங்கியது. பிறகு திட்டமிட்டே வேலை நடந்தது. நாற்சதுரத்தின் நான்கு மூலைகளில் தண்ணீர் செலுத்தும் கிணறுகள். நடுவில் எண்ணெய் எடுக்கும் கிணறு. நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் நெருக்கி, எண்ணெயை நடுக்கிணற்றுக்கு ஓட்டி வரும். இவ்வாறு பிராட்போர்டு வயல் 1937-ல் இரண்டாவது முறையாக ஓர் உச்சத்தைக் கண்டது. கிழட்டு வயலுக்கு வாலிபம் திரும்பியது போல!

தண்ணீர் எத்தனை நாளில் போய்ச் சேரும், கிணறுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் விடலாம் என்று கணக்கிட வேண்டி வந்தபோது, நிபுணர்கள் தேடிப் போனது ஆஸ்பத்திரியில் நின்ற அந்த மணற்குழாயின் கணக்கைத்தான். தண்ணீரை விட எண்ணெய் பிசுபிசுப்பானது. ஆகவே அந்தப் பிசுபிசுப்பையும் கணக்கில் சேர்த்துக் கொண்டார்கள். 1933-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பாறையின் வழி விடும் தன்மைக்கு டார்ஸி என்ற அலகை வகுத்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிடார்ஸி.

இறுகிய பாறையின் பிடிவாதம்

உதிரி மணலில் இந்த எண் பல டார்ஸிகள் இருக்கும். நல்ல எண்ணெய்ப் பாறையில் சில நூறு மில்லிடார்ஸி இருக்கும். ஐம்பதுக்குக் கீழே போனால் இறுகிய பாறை என்று சீன நிபுணர்கள் வகைப்படுத்துகிறார்கள். சீனாவில் ஓர்டோஸ் படுகையில் உள்ள சாங்சிங் வயலில், ஒரு மில்லிடார்ஸிக்கும் குறைந்த பாறையில்கூடத் தண்ணீர் செலுத்தி எண்ணெய் எடுத்திருக்கிறார்கள்.

இத்தகைய பாறையில் என்ன செய்வது? டார்ஸி விதியைப் பார்த்தாலே விடை தெரியும். பாறையின் எண்ணை மாற்றுவது கடினம். மாற்றக் கூடியவை அழுத்தம், தூரம், பரப்பு ஆகிய மூன்று. எனவே அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். கிணறுகளை நெருக்கமாகத் தோண்டித் தூரத்தைக் குறைக்கிறார்கள். கிணற்றைப் பாறைக்குள் படுக்கை வசமாகக் கொண்டு போய், எண்ணெய் வந்து சேரும் பரப்பை அதிகமாக்குகிறார்கள்.

கடைசியாகச் சொன்னது நம் பக்கத்து விவசாயிக்குப் புதிதல்ல. கிணற்றில் ஊற்றுப் போதாவிட்டால், அடியிலிருந்து பக்கவாட்டில் துளை போடுகிறார் அல்லவா? சைடு போர் என்கிறோம். துளை ஒரு விரிசலைத் தொட்டு விட்டால் கிணறு பிழைத்தது. எண்ணெய் வயலில் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்வதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

அழுத்தத்தைக் கூட்டுவதிலும் ஓர் அளவு வேண்டும். மிஞ்சினால் பாறை பிளந்து விடும். பிறகு தண்ணீர் குறுக்கு வழி கண்டு கொண்டு, எண்ணெயைத் தொடாமல் நேரே அடுத்த கிணற்றில் போய் விழும். செலுத்தியதும் தண்ணீர், எடுப்பதும் தண்ணீர் என்று ஆகிவிடும்! பொறுத்தால் வேறொரு நன்மை உண்டு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, தண்ணீரை விரும்பும் பாறை, நுண்துளைகளுக்குள் தண்ணீரை இழுத்துக் கொண்டு எண்ணெயை வெளியே விட்டு விடும். அது நிதானமாகத்தான் நடக்கும்.

செலுத்தும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். இறுகிய பாறையின் துளைகள் அத்தனை நுண்ணியவை. கண்ணுக்குத் தெரியாத வண்டல் போனாலும் அடைத்துக் கொள்ளும். ஆகவே முதலில் வடிகட்டுகிறார்கள். வடிகட்டிக்காக டார்ஸி கண்ட விதி, எண்ணெய் வயலில் மறுபடி வடிகட்டியின் வாசலுக்கே வந்து சேருகிறது!

நம் நாட்டில்

குஜராத்தில் அங்கலேஷ்வர் வயலில் 1960-ல் எண்ணெய் கிடைத்தது. 1966-லேயே அங்கே தண்ணீர் செலுத்தத் தொடங்கினார்கள். பம்பாய்க் கடலுக்கு அடியில் 1974-ல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1976-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அங்கே 1984 முதல் கடல் தண்ணீரையே வடிகட்டி, இரும்பை அரிக்கும் பிராணவாயுவை நீக்கி, உள்ளே செலுத்தி வந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலோ, தியாகதுருகத்திலிருந்து கிழக்கே போகப் போகக் கடும்பாறை ஆழத்தில் இறங்கி விடுகிறது. விருத்தாசலம் பக்கத்தில் பழங்காலக் கடல் விட்டுச் சென்ற படிவப் பாறைகள் தெரிகின்றன. அதற்கும் கிழக்கே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. சுரங்கம் வெள்ளக்காடாகாமல் இருக்க, இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்க வேண்டியிருக்கிறது. எத்தனை கிணறு, எவ்வளவு இறைப்பு என்ற கணக்குக்கும் டார்ஸிதான் துணை.

இன்னும் கிழக்கே காவிரிப் படுகை. புவனகிரி, நரிமணம், கோவில்களப்பால் என்று எண்ணெய் கண்ட இடங்கள் அங்கே இருக்கின்றன. சீர்காழிப் பக்கத்து மாதானத்தில், படிவங்களுக்கு அடியிலுள்ள கடும்பாறையின் விரிசல்களிலேயே எண்ணெய் கிடைத்திருக்கிறது. தியாகதுருகத்து விவசாயி எந்தப் பாறை விரிசலில் தண்ணீரைத் தேடுகிறாரோ, அந்த இனத்துப் பாறையின் விரிசலில் அங்கே எண்ணெய்!

அது நெல் விளையும் பூமி. ஆகையால் மண்ணும் நிலத்தடி நீரும் கெடக் கூடாது என்ற கவலை மக்களுக்கு உண்டு. 2020-ல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றி, டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு அங்கே தடை வந்தது. எண்ணெயைத் தள்ளத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியும் சாதாரணமானதல்ல. எண்ணெயோடு சேர்ந்து வரும் உப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்து, அதையே திரும்பச் செலுத்துவது ஒரு வழி. குடிக்கும் தண்ணீரைத் தொடாமல் காரியம் நடக்க வேண்டும். ஒரு ஊரின் தாகத்தைத் தீர்ப்பதற்காகவே வாழ்ந்த டார்ஸி இன்று இருந்தால், அதைத்தான் முதலில் கவனித்திருப்பார் என்று நம்பலாம்.

பூமியை ஏமாற்ற முடியாது. அது எவ்வளவு வழி விடுமோ அவ்வளவுதான் கொடுக்கும். எவ்வளவு வேகமாக எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அதனிடமே ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றுக்கும் அது பொருந்தும். ஆயிரம் அடிக்குத் துளை போட்டும் தண்ணீர் காணாத நம் வயல்வெளிக்கும் பொருந்தும். நோயாளியான ஓர் இஞ்சினீயர், பாதரசம் அடங்கும் வரை காத்திருந்து அந்தக் கணக்கை வாங்கி வந்தார். காசு வாங்காமல் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது போலவே, அதையும் உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்து விட்டுப் போனார்.